பாட்டு உட்காரும் இடம்

நோணாங்குப்பத்தில் படகுக் குழாமுக்குப் போகிற கூட்டமெல்லாம் கடலூர் ரோட்டில்தான் இறங்கும். ரோட்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இடம் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். போன வாரம் கிடைத்தது. கடை ஸ்பீக்கரில் ‘பஞ்சவர்ணக்கிளி’ படத்துப் பாட்டு, பி. சுசீலா தமிழைக் கொண்டாடிப் பாடிக்கொண்டிருந்தார். எதிரில் எங்கள் தெருத் தம்பி. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். நூறு பக்க நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தயங்கினான்.

“அண்ணா, இதுல இருபத்தேழு பாட்டு எழுதி வச்சிருக்கேன். எந்த மியூசிக் டைரக்டருக்கு அனுப்பினா மெட்டுப் போடுவாங்க?”

அவன் கேட்டதில் சிரிக்க எதுவுமில்லை. நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாடலாசிரியர் என்றால் மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்து ஒரு கவிதை எழுதுவார்; அது இசையமைப்பாளர் கைக்குப் போகும்; அவர் ஆர்மோனியத்தை இழுத்து மெட்டுப் போடுவார். பழைய படங்களில் கவிஞர் வேஷம் கட்டியவர்கள் எல்லோரும் இதையேதான் நடித்துக் காட்டினார்கள். நானும் நாற்பது வயது வரை நம்பினேன்.

நடப்பது பெரும்பாலும் தலைகீழ். நாம் இருவரும் டீயைக் குடித்துக்கொண்டே அந்த வழியாக மெதுவாக நடந்து பார்ப்போம்.

முதலில் டைரக்டர் ஒரு சூழலைச் சொல்கிறார்: கதாநாயகி ஊருக்குத் திரும்புகிறாள், பஸ் ஜன்னல், மழை. கம்போசிங் அறையில் இசையமைப்பாளர் அதைக் கேட்டுவிட்டு ஒரு மெட்டு வாசிக்கிறார். வாயால் ‘தன்னானே’ என்றோ ‘லாலா’ என்றோ பாடுகிறார். அர்த்தமில்லாத அந்த அசைகளுக்குத் தத்தகாரம் என்று பெயர். சில பேர் கையில் கிடைத்த சொற்களைப் போட்டு நிரப்பியும் பாடிக் காட்டுவார்கள். அதற்கு டம்மி வரிகள் என்பார்கள். மெட்டு ஓகே ஆன பிறகுதான் பாடலாசிரியர் கைக்கு அது வருகிறது. முன்பெல்லாம் நேரில் உட்கார்ந்து கேட்டார்கள், பிறகு கேசட்டில், இப்போது போனில். வருவது ஓசை மட்டும்தான். அந்த ஓசைக்குள் சொல்லை வைப்பதுதான் அவர் வேலை.

இதை விளங்கிக்கொள்ள ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளலாம். எத்தனை சீட், எது ஜன்னலோரம், எது டிரைவருக்குப் பக்கத்தில் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. அதனால்தான் பாட்டுக்காரர்கள் பேச்சில் ‘வரி உட்காரலை’, ‘இந்தச் சொல் அழகா உட்காருது’ என்று அடிக்கடி வரும். சீட்டின் அளவுக்கு மீட்டர் என்று பெயர். தமிழில் அதற்குப் பழைய, அழகான சொல் உண்டு: சந்தம்.

தம்பியின் நோட்டில் முதல் பாட்டு, நம்ம ஊர்ப் பாட்டு. முதல் வரி: ‘சுண்ணாம்பாற்றில் படகு போகுது’. நல்ல வரிதான். சரி, பெஞ்சில் விரலால் தட்டி ஒரு மெட்டுப் போட்டேன்:

தந்த தானனா தந்த தானனா.

“இதுல உன் வரியை உட்கார வை, பாக்கலாம்.”

இரண்டு மூன்று தடவை முயன்றான். ‘சுண்ணாம்’ என்று தொடங்கியதுமே ஆட்டோ சாய்ந்தது. ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் இலக்கணம் வேண்டும், பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் குறில், நெடில் படித்தோமே, அதுதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த மெய்க்கு அரை. மாத்திரை என்பது இயல்பாகக் கண்ணை ஒரு தரம் இமைக்கிற நேரம். டீக்கணக்கில் சொன்னால் குறில் ஒரு உறிஞ்சல், நெடில் ஒரு நிதானமான மடக்கு. குறிலுக்குப் பின்னால் மெய் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த இடம் கனத்துவிடும்: ‘அ’ லேசு, ‘அந்’ கனம்.

இப்போது ‘தந்த தானனா’வைத் தட்டிப் பாருங்கள். கனம், லேசு, கனம், லேசு, கனம். ஓடி, தாண்டி, ஓடி நிற்கிற நடை. ‘சுண்ணாம்பாற்றில்’ என்பதை உடைத்தால் சுண், ணாம், பாற், றில். நாலும் கனம். நாலு பெரிய ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருகிற மாதிரி. அடுத்து வரும் ‘படகு’வில் மூன்றும் லேசு, மூன்று குழந்தைகள். மெட்டு கேட்டதோ வேறு வரிசை. இன்னொரு வேடிக்கை, நோணாங்குப்பத்தையும் இப்படி உடைத்தால் நோ, ணாங், குப், பம். அதுவும் நாலும் கனம். நம்ம ஊருக்கும் நம்ம ஆற்றுக்கும் இந்த மெட்டில் இடமே இல்லை.

கொஞ்ச நேரம் இருவரும் தட்டிக்கொண்டே இருந்தோம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசியில் இப்படி வந்தது:

அந்தி நேரமே, அந்த ஓரமே,
வந்த தோணியே, நின்று போவதேன்.

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்துவிட்டது. இதில் இன்னொன்றைக் கவனிப்போம். மெட்டில் ‘தா’ வருகிற இடத்தில் பாடகர் குரலை மேலே கொண்டுபோய் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ‘நே’, ‘ஓ’, ‘தோ’, ‘போ’ என்று நெடில்கள் வந்து விழுந்திருக்கின்றன. அதே இடத்தில் ‘கட்டு’ என்று ஒரு சொல் வந்தால்? ‘ட்’ என்றதும் மூச்சு அடைத்துவிடும், வல்லின மெய்யை இழுத்துப் பாட முடியாது. ஆகவே பாடலாசிரியர் அர்த்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. பாடப்போகிறவரின் வாய் எங்கே திறக்கும், எங்கே மூடும் என்பதையும் பார்த்துத்தான் சொல்லைத் தேடவேண்டியிருக்கிறது.

“அண்ணா, என் படகு தோணி ஆயிடுச்சு. ஆறே காணோம்” என்றான் தம்பி. நியாயமான வருத்தம். ஆனால் அவன் வரியில் இல்லாத ஒன்று இதில் வந்திருப்பதையும் காட்டினேன்: ‘நின்று போவதேன்’ என்ற கேள்வி. அதை நாங்கள் யோசித்து எழுதவில்லை. ஓசையின் கடைசிச் சீட்டு ஒரு நெடிலைக் கேட்டது. ‘ஏன்’ வந்து உட்கார்ந்தது. மெட்டுக்கு எழுதுகிறவர்கள் இந்த விபத்துகளைத்தான் ரகசியமாக நம்பி வாழ்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு முகச்சுளிப்பு வரும். ‘அப்போ இது கவிதை இல்லையே, கட்டிப் போட்ட கையால எழுதுறதுதானே?’ அப்படி நினைப்பதற்கு முன்னால் நம் பாட்டன்மார்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம். அருணகிரிநாதரின் திருப்புகழ் முழுக்கச் சந்தக் கட்டிடம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தத்தகாரம், அதை விட்டு ஓர் எழுத்து நகராது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, காவடி தூக்கி ஆடுகிறவர்களின் கால் போடுகிற நடையில் எழுதப்பட்டது. வெண்பாகூட ஒரு வகையில் மெட்டுதான்; கடைசி அடியை யாரோ கொடுக்க, மீதியைப் புலவர் நிரப்பிய போட்டிகள் எத்தனை!

புதுச்சேரிக்கே வருவோம். 1908-இல் இங்கே வந்த பாரதியார் பத்து வருஷம் தங்கினார். ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. அதை எழுதியபோது அவர் எடுத்துக்கொண்டது ராஜசபை யாப்பு இல்லை, நொண்டிச் சிந்து மாதிரி, தெருவில் ஜனங்கள் கூடி நின்று கேட்ட நடைகள். எளிய சொல், எளிய சந்தம், பொதுஜனம் விரும்புகிற மெட்டு என்று முன்னுரையில் அவரே காரணமும் சொல்லியிருக்கிறார். ஊரில் ஏற்கெனவே இருந்த ஓசைக்குள் பாரதக் கதையை உட்கார வைத்தார். மெட்டுக்கு எழுதுவது இளப்பம் என்றால் அந்தக் காவியத்தையும் அதே கணக்கில் எழுத வேண்டியதுதான்.

சரி, தம்பி நினைத்த மாதிரி, பாட்டு முதலில், மெட்டு பிறகு என்று நடப்பதே இல்லையா? நடக்கும். அன்று ஸ்பீக்கரில் ஓடியதே அதற்குச் சாட்சி.

அந்தப் பாட்டை எழுதியவர் நம்ம ஊர்க்காரர். 1891 ஏப்ரல் 29-இல் புதுச்சேரியில் பிறந்த கனகசுப்புரத்தினம், அதாவது பாரதிதாசன். பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து 1946-இல் ஓய்வு பெற்றவர். பெருமாள் கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இன்று நினைவு அருங்காட்சியகம். அவர் சினிமாவுக்கும் எழுதினார். ‘பொன்முடி’ (1950), ‘வளையாபதி’ (1952) படங்களுக்குக் கதை வசனத்தில் கைகொடுத்தார். ஆனால் நாம் இன்றும் முணுமுணுக்கிற அவருடைய சினிமாப் பாட்டுகள் பல, சினிமாவுக்கென்று எழுதியவை அல்ல. முன்பே புத்தகத்தில் இருந்த கவிதைகள். ‘ஓர் இரவு’ (1951) படத்தில் வருகிற, யாழெடுத்து வாசிக்கச் சொல்லும் அந்த இதமான பாட்டு முதலில் அச்சில் வந்தது. தண்டபாணி தேசிகர் அதற்குத் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். அதன் பிறகுதான் திரைக்குப் போனது. ‘பஞ்சவர்ணக்கிளி’ 1965-இல் வந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. பாரதிதாசன் 1964 ஏப்ரல் 21-இலேயே காலமாகிவிட்டார். நாடே அந்த மெட்டைப் பாடியதைக் கவிஞர் கேட்கவே இல்லை.

இதில் வேலை யாருக்கு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். கவிதை முன்னால் வந்துவிட்டால் சீட்டுக்கு ஏற்ற ஆளைத் தேட முடியாது. ஆட்களுக்கு ஏற்ற வண்டியை இசையமைப்பாளர்தான் கட்டவேண்டும். ஒரு வரியைத் திருப்பிப் பாடவைப்பார், ஒரு சொல்லை நீட்டுவார், சில அடிகளை விட்டுவிடுவார். கஷ்டம் இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை.

பாட்டு முதலில், மெட்டு பிறகு என்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட இங்கிலாந்துக்காரர் ஒருவர் உண்டு. பெர்னி டாபின், லிங்கன்ஷைர் நாட்டுப்புறத்துப் பையன், 1950-இல் பிறந்தவர். 1967-இல், பதினேழு வயதில், ஒரு இசைப் பத்திரிகையில் ரெக்கார்டு கம்பெனி விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தார். அதே விளம்பரத்துக்கு இன்னொரு பையனும் வந்திருந்தான். அவனுக்கு மெட்டு வரும், சொல் வராது. இவருக்குச் சொல் வரும், மெட்டு வராது. கம்பெனிக்காரர் இவருடைய பாட்டுகள் இருந்த உறையை எடுத்து அவனிடம் கொடுத்தார். அந்தப் பையன்தான் எல்டன் ஜான். அன்று முதல் இவர் ஒரு அறையில் எழுதுவார், அவர் வேறொரு அறையில் பியானோ முன் உட்கார்ந்து மெட்டுக் கட்டுவார். தம்பி கனவு காண்கிற வாழ்க்கை இதுதான். அச்சு அசலாக நடந்திருக்கிறது, ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு.

அந்த டாபினும் ஒரு தடவை நம் கவிஞர்களின் சீட்டில் உட்கார நேர்ந்தது. மெரிலின் மன்றோவை நினைத்து 1973-இல் ஒரு மெழுகுவத்திப் பாட்டு எழுதியிருந்தார். 1997 ஆகஸ்ட் 31-இல் இளவரசி டயானா இறந்தார். அடுத்த சனிக்கிழமை இறுதிச் சடங்கு. அதே மெட்டு, ஆனால் டயானாவுக்கான சொல் வேண்டும். இருபத்து நாலு வருஷமாக ஜனங்களின் காதில் ஊறிப்போன மெட்டு. ஒரு அசைகூட அசையாது. அதற்குள் புதுச் சொற்களை வைத்துக் கொடுத்தார். செப்டம்பர் 6-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் எல்டன் ஜான் பாடினார். பிறகு அந்த ரெக்கார்டு 3 கோடிக்கும் மேல் விற்றது.

இதற்கு எதிர்த்திசையில் நம்ம மெட்டு கடல் கடந்த கதையும் உண்டு. டான் பிளாக் என்று ஒரு லண்டன்காரர், ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் பாட்டு எழுதியவர், ‘பார்ன் ஃப்ரீ’ படப் பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கியவர். 2002-இல் லண்டன் மேடையேறிய ‘பாம்பே டிரீம்ஸ்’ இசை நாடகத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான், இங்கிலீஷ் வரிகள் இவர். ‘முதல்வன்’ (1999) படத்தில் வைரமுத்து நிரப்பியிருந்த ஒரு துள்ளல் மெட்டு அந்த நாடகத்திலும் வந்தது. அதே சீட்டுகள், ஆட்கள் மட்டும் வேறு மொழிக்காரர்கள். தமிழில் நெடில் போய் நிற்கிற இடத்தில் இங்கிலீஷில் என்ன வைப்பது என்று அந்தப் பெரியவரும் நம்மைப் போல மேஜையைத் தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

தம்பிக்கு நான் சொல்ல நினைத்த ஆள் வேறு. பாரதிதாசனின் நிழலில், இதே புதுச்சேரியில் பயின்ற பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930 ஏப்ரல் 13-இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தவர். விவசாயம், மாடு மேய்ப்பு, மாம்பழ வியாபாரம், நாடக நடிப்பு என்று கையில் எடுக்காத வேலை குறைவு. புதுச்சேரிக்கு வந்து ‘குயில்’ பத்திரிகை வேலையில் பாரதிதாசனுக்கு ஒத்தாசையாக இருந்தார். சொந்தப் பேரில் கவிதை காட்டக் கூச்சப்பட்டு ‘அகல்யா’ என்ற பேரில் அனுப்பினாராம். ஆசான் ஆளைத் தெரியாமலே பாராட்டினாராம். காலங்காலமாகச் சொல்லப்படுகிற கதை.

ஆசானின் கவிதையைத் தேடி மெட்டு வந்தது. சீடரோ மெட்டைத் தேடிப் போனார். ஐம்பதுகளின் நடுவில் சினிமாவுக்குள் நுழைந்து, ‘நாடோடி மன்னன்’ (1958), ‘கல்யாணப் பரிசு’ (1959) என்று எழுதினார். ‘கல்யாணப் பரிசு’வில் ஏ.எம். ராஜாவின் மெட்டுகளுக்கு எல்லாப் பாட்டும் இவர்தான். 1959 அக்டோபர் 8-இல் இறந்தபோது வயது இருபத்தொன்பது. ஐந்தாறு வருஷ வேலை, அவ்வளவுதான். ‘அரசிளங்குமரி’யும் ‘திருடாதே’யும் அவர் போன பிறகு 1961-இல் வந்தன.

அவருடைய பலம் எங்கே இருந்தது? என் கணிப்பு இது. வயல் வரப்பிலும் நாடகக் கொட்டகையிலும் கேட்ட ஓசைகள் அவர் உடம்பில் முன்பே இருந்தன. கம்போசிங் அறையில் மெட்டு காதில் விழுந்ததும், அதற்குச் சொந்தக்காரச் சொல் பேச்சுத் தமிழிலிருந்தே எழுந்து வந்தது. பேச்சுச் சொல் வழவழப்பானது. எழுத்துச் சொல்லுக்கு மூலைகள் அதிகம். சினிமாப் பாட்டில் ஏன் இவ்வளவு கொச்சை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதையும் கவனிக்கலாம். பல நேரம் அங்கே கொச்சை வந்தது ஆசையால் இல்லை, சீட்டின் அளவால்.

“இதுல காசு வருமாண்ணா?” என்று நடுவில் ஒரு கேள்வி. வரும், போகும். முன்பெல்லாம் பாட்டை எழுதிக் கொடுத்து ஒரு தொகையை வாங்கினால் அதோடு உறவு முடிந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. எழுதிக் கொடுத்தும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. கவிஞர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்திலேயே நின்று பேசிய விஷயம் அது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பாட்டு கேட்டார்கள். இருபத்து நாலு வரி, எதுகை மோனையெல்லாம் சுத்தமாக, பேப்பரில் எழுதிக் கொண்டுபோனேன். கீபோர்டுக்காரர் மரியாதையாக வாங்கிப் படித்தார். “நல்லாருக்கு சார். பாட்டு எங்க?” என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவர் மெட்டை வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரி உட்கார வைப்பதற்குள் ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. அந்த இரண்டு வரிதான் இன்றைக்கும் மைக்கில் பாடுகிறார்கள். இருபத்து நாலு வரிப் பேப்பர் எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

தம்பி நோட்டை மூடிவிடுவான் என்று பயந்தேன். மூடவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ‘தந்த தானனா’ என்று எழுதிக்கொண்டு, பெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தான். ரோட்டில் கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. படகுக் குழாம் பக்கமிருந்து கடைசிப் படகில் வந்த கூட்டம் நனைந்த செருப்போடு டீ கேட்டுக்கொண்டு வந்தது.

“அண்ணா, ‘ஆற்றில்’னு போட்டாத்தானே இடிக்குது? ‘ஆத்துலே’ன்னு போட்டா?”

போட்டுப் பார்த்தான். சத்தமாக, இரண்டு தரம்:

அந்த ஆத்துலே வந்த தோணியே.

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “அடுத்த வரி?” என்றார்.